சாரல்ல நனைஞ்ச லெதர் செருப்புக்கு விளக்கெண்ணெ

குத்தாலம் சாரல்ல நனைஞ்ச லெதர் செருப்பு, பெல்ட்ட வெயில்ல காயப் போடாதிய, பழைய பேப்பர சுத்தி நிழல்ல ஃபேன் காத்துல வச்சி, லேசா ஈரம் இருக்கும்போதே பனியன் துணில ரெண்டு சொட்டு விளக்கெண்ணெ தொட்டு மெல்லிசா தேச்சி விட்டுருங்க. தோல்ல இருக்க எண்ணெப்பசை தண்ணியோட போயிரும், காஞ்சதும் நாரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெறச்சிரும், அதான் பெல்ட்டு பக்கிள் ஓட்டைகிட்ட மடங்குற எடத்துல வெடிக்கிது. ஈரத்துலயே தேச்சா எண்ணெ சீரா உள்ள எறங்கும். தேங்காண்ணெ வேண்டாம், நாள்பட சிக்குவாடை அடிக்கும். கலரு கொஞ்சம் கருக்கத்தான் செய்யும், வெளிர் கலர்னா உள்பக்க ஓரத்துல தடவிப் பாத்துக்கிடுங்க. மேல்பக்கம் பொசுபொசுன்னு இருக்க ஸ்வேடு, நுபக்கு தோலுக்கு ஆகவே ஆகாது, ரெக்சினுக்கு தேச்சா எண்ணெதான் வேஸ்ட்டு.