களனி விகாரையிலிருந்து முகத்துவாரம் வரை: கொழும்பின் ஆற்றை ஒரு நாளில் பார்ப்பது எப்படி

வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களைக் காலிமுகத்திடலுக்கு அழைத்துச் செல்கிறோம். களனி கங்கைக்கு அழைத்துச் செல்வோர் மிகச் சிலரே. நகரின் வட எல்லையாக ஓடுவதும், அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு வீடுகளின் குழாய்களில் பெரும்பாலும் வந்து சேர்வதும் இந்த ஆற்றின் நீர்தான். ஆயினும், பாலத்தைக் கடக்கும் பஸ்ஸின் யன்னலூடாக அரை நிமிடம் பார்ப்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். விடியற்காலையில் புறப்பட்டு ஆறு ஓடும் திசையிலேயே நாமும் சென்றால், மாலையில் அது கடலில் கலக்கும் இடத்தில் நிற்கலாம். கொழும்பில் வாழும் எவருக்கும் நான் பரிந்துரைக்கும் வழி இதுதான்.

முதலில் காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் மிகவும் ஏற்றவை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போதும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெருமழை பெய்யும்போதும் ஆற்றோரப் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. 2016 மே மாத வெள்ளத்தில் இந்த ஆற்றின் இரு கரைகளிலும் எத்தனை வீடுகள் மூழ்கின என்பதைக் கொலன்னாவைப் பக்கத்தில் கேட்டாலே சொல்வார்கள். கொழும்பில் வெயில் அடிப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 145 கிலோமீற்றர் நீளமுள்ள இந்த ஆற்றுக்கு மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலைநாட்டிலிருந்து நீர் கொண்டுவருவதால், அங்கே பெய்யும் மழை பின்னர் இங்கே வெள்ளமாக வந்து சேரும். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நீர்மட்ட அறிவித்தலில் நாகலகம் வீதி அளவுமானியின் நிலையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அவசர நிலையில் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தை அழைக்கலாம்.

காலையில் கோட்டையிலோ மருதானையிலோ, எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் புகையிரதத்தில் ஏறுங்கள். தெமட்டகொடையைத் தாண்டியதும் ஆறு முழு அகலத்தில் தெரியும். அடுத்து வரும் களனி நிலையத்தில் இறங்கினால் ரஜமகா விகாரைக்கு ஓட்டோவில் சில நிமிடங்களில் சென்றுவிடலாம். காலையில் செல்லுங்கள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. விகாரை வளவில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். நண்பகலில் அந்தத் தரை குழந்தைகளின் பாதங்களைச் சுட்டுவிடும். தோளையும் முழங்காலையும் மறைக்கும் வெளிர்நிற உடை பொருத்தமானது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. போயா தினங்களில் கூட்டம் மிகுதி. அதேவேளை, சனவரியில் நடைபெறும் துருத்து பெரஹராவைப் பார்க்க விரும்புவோர் அந்தக் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த விகாரையில் தமிழர் நின்று கவனிக்க வேண்டியவை பல. நயினாதீவில் மணி ஆசனத்துக்காகப் போரிட்ட இரு நாக அரசர்களைப் புத்தர் சமாதானப்படுத்திய கதையை வடக்கில் உள்ளோர் அறிவர். அந்தச் சண்டைக்கு வந்திருந்த களனியின் நாக அரசன் மணியக்கிகன், தன் நாட்டுக்கும் வருமாறு அழைத்ததாலேயே புத்தர் இங்கு எழுந்தருளினார் என்று மகாவம்சம் கூறுகிறது. நயினாதீவுக்கும் களனிக்கும் உள்ள இந்தத் தொடர்பை மனத்தில் வைத்துக்கொண்டு, நெற்குவியல் வடிவில் எழுந்து நிற்கும் வெண்ணிறத் தாதுகோபத்தைப் பார்த்தால் அது வேறுவிதமாகத் தெரியும். வளவிலேயே இராவணனின் தம்பி விபீஷணருக்குத் தேவாலயம் இருக்கிறது. அவரை இங்கே காவல் தெய்வமாக வழிபடுகிறார்கள். உள்ளே சென்றால், பழைய மண்டபச் சுவரோவியங்களையும், 20 ஆம் நூற்றாண்டில் சோலியஸ் மென்டிஸ் தீட்டிய ஓவியங்களையும் ஒன்றையடுத்து ஒன்றாகப் பார்க்கலாம். தன் கூந்தலில் புத்தரின் தந்ததாதுவை (புனிதப் பல்லை) மறைத்து வரும் கலிங்க இளவரசி ஹேமமாலாவின் ஓவியத்துக்கு முன்னால் மட்டும் பத்து நிமிடமாவது நில்லுங்கள். அவசரமாகச் சுற்றி வருவோருக்கு அந்த முகத்தின் அமைதி பிடிபடாது.

பின்னர் ஆற்றங்கரைக்கு நடந்து செல்லுங்கள். 15 ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பெகு நாட்டு அரசன் தம்மசேதி அனுப்பிய பிக்குகள், இந்த ஆற்று நீரின் மீதே உபசம்பதை என்னும் முழுத் துறவுநிலை பெற்றுத் திரும்பினார்கள். அந்தச் சடங்கை நடத்துவதற்காகத் தம் நாட்டில் வகுத்த சீமைக்கு, அதாவது புனித எல்லைக்கு, கல்யாணி என்று பெயரிட்டது இந்த ஆற்றின் பழைய பெயரைக் கொண்டுதான்.

நண்பகல் வெயிலில் பாலங்களுக்காக அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 2021 நவம்பரில் திறக்கப்பட்ட, கம்பிவடங்கள் தாங்கும் புதிய பாலம் வாகனங்களுக்கானது. அதைத் தொலைவில் நின்று பார்த்தால் போதும். ஆனால் கிராண்பாஸுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் பாலத்துறை என்பதை உடன்வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1895 இல் விக்டோரியா பாலம் வருவதற்கு முன்னர், வரிசையாகக் கட்டிய படகுகளின் மேல் பலகை பரப்பிய பாலத்தில்தான் மக்கள் இங்கே ஆற்றைக் கடந்தார்கள்.

பிற்பகல் நான்கு மணியளவில் மட்டக்குளிக்கு வந்துவிடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்திலிருந்து நேரே வருவோருக்கு 155 ஆம் இலக்க பஸ் வசதியானது. சிங்களத்தில் மோதரை எனப்படும் அயலூரை நாம் முகத்துவாரம் என்றே அழைக்கிறோம். ஆறு கடலைச் சேரும் இடம் என்ற பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. காளி கோயிலில் வணங்கிவிட்டுக் காக்கைதீவுக் கடற்கரைப் பூங்காவுக்குச் செல்லுங்கள். மழைக்குப் பிந்திய நாட்களில் ஆற்றின் மண்ணிற நீர் கடலுக்குள் நெடுந்தூரம் கலக்காமல் நீண்டு செல்வதைக் காணலாம். பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். நீரோட்டமும் அலையும் மோதும் இடம் இது; தொழிற்சாலைக் கழிவும் நகரக் கழிவும் சேரும் நீரும்கூட. கொண்டுபோகும் பொலித்தீன் பைகளைத் திருப்பி எடுத்து வருவதை நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சூரியன் கடலில் இறங்கும் வரை இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் தரிப்பிடத்துக்குத் திரும்பிவிடலாம்.

இன்னொரு நாள் கிடைத்தால் மேல்நோக்கிச் செல்லலாம். அவிசாவளையில், 16 ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை இராஜசிங்கன் கட்டத் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்றதாகக் கூறப்படும் பெரெண்டி கோயிலின் கருங்கற் சிதைவுகளை, களனியின் கிளையான சீதாவாக்கை ஆற்றுக்கு அருகே காணலாம். அந்தக் கற்களில் உள்ள செதுக்கு வேலை காலை வெயிலில் நன்றாகத் தெரியும். கடுவலை, ஹங்வெல்லை வழியாகச் செல்லும் லோ லெவல் வீதி பஸ்ஸில், போகும்போது இடப்பக்க யன்னலோரம் அமர்ந்துகொள்ளுங்கள். ஆறு ஓடுவது அந்தப் பக்கத்தில்தான்.