வீட்டில் எழுதப் பழகும் பிள்ளைக்குப் பாடத்திட்டம்: தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்த ஆண்டில், கணக்குக்கும் வாசிப்புக்கும் புத்தகங்கள் ஓரளவு எளிதாகவே அமைந்துவிட்டன. எழுத்துப் பயிற்சிக்கான பாடத்திட்டத்தில்தான் தொடர்ந்து தவறு செய்தேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள் வாங்கினேன். அவற்றுள் இரண்டு பாதிகூட முடியாமல் அலமாரியில் இருக்கின்றன. இப்போது தெரிந்த குடும்பங்கள், ஐந்து முதல் எட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கும்போது, பிள்ளை தான் பார்த்த ஒன்றைத் தொடர்ச்சியாக எத்தனை வாக்கியங்கள் சொல்கிறது என்று முதலில் கேட்கிறேன். அந்த விடை தெரியாமல் வாங்கியதே என் தவறுகள் பலவற்றுக்கும் காரணம்.

எழுதுதல் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் இரண்டு வேலைகள். ஒன்று கையின் வேலை: பென்சிலைப் பிடிப்பது, எழுத்தின் வடிவத்தை நினைவிலிருந்து எடுப்பது, கோட்டுக்குள் நிறுத்துவது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடுவது, எந்த ல, எந்த ன என்று தீர்மானிப்பது. மற்றொன்று மனத்தின் வேலை: என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது, எங்கே முடிப்பது என்று நினைப்பது. பழகிய கைக்கு முதல் வேலை தானாக நடந்துவிடும் என்பதால், பெரியவர்களாகிய நமக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கோ கையின் வேலையே கவனம் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் சொந்தமாக யோசித்து ஐந்து வரி எழுது என்றால், மிகக் குறைவான எழுத்துகளில் முடியக்கூடிய வாக்கியம் எதுவோ அதைத்தான் எழுதும். எழுத்துகளின் மேல் கோடு இழுத்துப் பழகும் பக்கங்களால் மட்டுமே நிறைந்த புத்தகத்தை வாங்கி எழுத்துப் பாடம் முடிந்தது என்று நினைப்பது ஒரு பக்கத் தவறு என்றால், முதல் வாரத்திலேயே கட்டுரை கேட்கும் புத்தகத்தை வாங்குவது மறுபக்கத் தவறு. ஏறத்தாழ எட்டு வயது வரை இந்த இரண்டு இழைகளையும் தனித்தனியாக நடத்தி, பிறகு மெல்லச் சேர்க்கிற பாடத்திட்டமே தொடக்க வகுப்புகளுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்கு ஆறு வயதில் நான் வாங்கியிருந்தது அமெரிக்கப் பிள்ளைகளுக்காகத் தயாரான ஆங்கிலத் தொகுப்பு. தை மாதத்தில் ஒருநாள், பனிப்பொம்மை செய்வதைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும் என்று பாடம் வந்தது. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்து, ‘ஐ லைக் ஸ்னோ’ என்று ஒரே வரி எழுதி, அதையும் இரண்டு முறை அழித்தாள், தாள் கிழிந்துவிட்டது. அதற்கு முந்தைய வாரம்தான் பொங்கலுக்காகத் திசையன்விளைப் பக்கம் ஆச்சி வீட்டுக்குப் போய்வந்திருந்தோம். பாத்தியில் பனங்கிழங்கு எடுத்ததை அன்று இரவு சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்: “ஆச்சி மண்ண அள்ளி அள்ளிப் போட்டாவ. உள்ள கெழங்கு நட்டமா நின்னுச்சு. நான் இழுத்தேன், வரவே இல்ல. மாமா வந்து இழுத்தாவ, வந்துட்டு.” முதலில் நடந்தது, அடுத்து நடந்தது, ஒரு தடை, அதன் முடிவு என்று ஒரு கட்டுரைக்கு வேண்டிய வரிசை முழுவதும் அதில் இருந்தது. பிள்ளைக்கு எழுத விஷயம் இல்லை என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தது தவறு என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் அவளை மீண்டும் சொல்லச் சொல்லி, சொன்னபடியே ஒரு நோட்டில் நான் எழுதிக்கொண்டேன். அதிலிருந்து அவளுக்குப் பிடித்த ஒரு வாக்கியத்தை மட்டும் இரண்டு கோடு நோட்டில் பார்த்து எழுதச் சொன்னேன். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். மனத்தின் வேலைக்குப் பேச்சும் கையின் வேலைக்குப் பார்த்து எழுதுதலும் என்று பிரித்துக்கொண்ட இந்த முறையைத்தான் அடுத்த ஓராண்டு முழுவதும் தொடர்ந்தோம்.

இங்கே நெல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் எழும். பிள்ளை ‘வந்தாவ’, ‘வந்துட்டு’ என்று சொல்வதை அப்படியே எழுதலாமா, அல்லது ‘வந்தார்கள்’, ‘வந்துவிட்டது’ என்று உடனே மாற்ற வேண்டுமா? வாய் திறந்தவுடன் மாற்றினால், பிள்ளை சொல்வதையே குறைத்துக்கொள்ளும். முதல் ஆண்டில் சொன்னபடியே எழுதிவிட்டு, அதை வாசித்துக் காட்டும்போது, ‘புத்தகத்தில் இப்படி இருக்கும்’ என்று எழுத்துத் தமிழ் வடிவத்தையும் சேர்த்துச் சொல்லி வந்தேன். ஏழு வயதுக்குள் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவளுக்குத் தானாகவே பிடிபட்டது. பேச்சு வழக்கைப் பிழை என்று சிவப்பு மையால் அடிக்கச் சொல்லும் பாடத்திட்டத்தை இந்த வயதுக்கு வாங்க வேண்டாம். புத்தகத்தில் எல்லா இடத்திலும் ‘பாட்டி’ என்றே இருந்தால், அதை ஆச்சி என்று மாற்றி வாசித்துக் காட்டுவதிலும் தவறில்லை.

ழகரத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று சொல்வது சாதாரணம். அப்படிக் கேட்டு வளரும் பிள்ளை சொல்வதெழுதலில் ‘பளம்’ என்று எழுதினால், அது காதில் விழுந்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறது. ஒலியைக் கேட்டு எழுது என்பதை மட்டுமே நம்பிய புத்தகம் இங்கே பயன்படாது. ழ வரும் சொற்களைக் கண்ணால் பார்த்து, வாயால் திருத்தமாகச் சொல்லி, பிறகு எழுதும் பயிற்சி அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ர, ற, ந, ன, ண வரிசைகளுக்கும் இது பொருந்தும்.

ஆங்கிலத் தொகுப்புகளின் அமைப்பை அப்படியே தமிழுக்கு மாற்றியிருக்கும் புத்தகங்கள் இன்னொரு தொல்லை. வாரம் ஓர் எழுத்து என்ற முறை 26 எழுத்துகளுக்குச் சரி. தமிழின் 247 எழுத்துகளுக்கு அதே கணக்கை வைத்தால் ஐந்து ஆண்டுகளை நெருங்கிவிடும். தமிழில் 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தபின், உயிர்மெய்யின் பெரும்பகுதி துணைக்கால், கொம்பு போன்ற குறிகளின் சேர்க்கைதான். எனவே குறிகளைத் தெளிவாகக் கற்பிக்கும் புத்தகமே நேரத்தை மிச்சப்படுத்தும். குறிகளுக்குள்ளும் கடினமான இடங்கள் இரண்டு. கெ, கே, கை ஆகியவற்றில் ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது. கு, சு, து, நு, பு என்ற உகர வரிசையில் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. இந்த இரண்டுக்கும் கூடுதல் பக்கங்கள் ஒதுக்காமல் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் நடத்தும் புத்தகம், தமிழ் எழுதக் கற்பித்த அனுபவம் இல்லாமல் எழுதப்பட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வரிசையும் முக்கியம். நெடுங்கணக்கை அ, ஆ, இ என்று வாயால் சொல்வது நல்லது. ஆனால் எழுதுவதையும் அங்கேயே தொடங்கினால், வளைவும் சுழியும் மிகுந்த அ, இ முதலிய கடினமான வடிவங்கள் முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன எழுத்துகளில் தொடங்கினால், அந்த மூன்றையும் ஒரு புள்ளியையும் கொண்டே படம், பட்டம், மடம் என்று பொருளுள்ள சொற்களை எழுதிவிடலாம். தாத்தாவோ ஆச்சியோ எழுத்துப் பழக்கும் வீடுகளில் ஒரு சிறிய எச்சரிக்கையும் சொல்லத் தோன்றுகிறது: 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் படித்தவர்கள் லை, ளை, னை, ணா, றா போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதக்கூடும். பிள்ளைக்கு முதலில் ஒரே வடிவம் கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெயர்களை நம்பி வாங்குவதும் ஏமாற்றத்தில் முடியலாம். இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வழியில் அமைந்தவை என்று பல தொகுப்புகள் விற்கப்படுகின்றன. அவர் சொன்னது, பிள்ளைகள் கேட்டதைத் தம் சொற்களில் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், பாட நேரம் குறுகியதாக இருக்க வேண்டும், அதை எழுத்தில் கேட்பது சுமார் பத்து வயதுக்குப் பிறகு போதும் என்பதே. அவர் பெயரை அட்டையில் போட்டுவிட்டு ஏழு வயதுப் பிள்ளையிடம் பக்கம் பக்கமாக எழுத்தில் கேட்கும் தொகுப்பு அவர் வழியில் செல்வதாகாது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்திய மரியா மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகளும் இன்று நல்ல விலைக்கு விற்கின்றன. விரலால் தடவி வடிவத்தை உணரும் அந்த முறை அருமையானதுதான், ஆனால் அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதித்தான் பழகினார்கள். சென்னையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைப் பார்த்துத் தம் பள்ளியில் கையாண்டு, 1797-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட நூலின் வழியாக அங்கும் பரவச் செய்தார். திசையன்விளைப் பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு) மணலைச் சலித்து ஒரு தாம்பாளத்தில் பரப்பினால் போதும். செம்மண்ணில் கோடு பளிச்சென்று தெரியும், பிழையைக் கையால் தடவினால் மறைந்துவிடும்.

அட்டையில் இருக்கும் வயதையோ வகுப்பையோ பார்த்து வாங்காதீர்கள். பிள்ளை ஒரு நிகழ்ச்சியை நான்கைந்து வாக்கியங்களில் சொல்கிறதா, ஒரு வரியைச் சோர்வில்லாமல் பார்த்து எழுதுகிறதா, சிறு சொற்களைத் தானே வாசிக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் சொந்த வாக்கியம் எழுதத் தொடங்கும் புத்தகம். பேச்சு இருந்து கை பின்தங்கியிருந்தால் பார்த்து எழுதும் புத்தகம். பேச்சே குறைவாக இருந்தால், ஆறு மாதம் கதை சொல்வதும் சொல்லச் சொல்வதும் தவிர எந்தப் புத்தகமும் வேண்டாம். எழுதும் நேரம் ஆறு வயதில் பத்து நிமிடமும் எட்டு வயதில் இருபது நிமிடமும் தாண்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் கேட்கும் பாடத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மாதிரிப் பக்கம் கேட்டால் விற்பவர்கள் முதல் பாடத்தையே காட்டுவார்கள். முப்பதாவது பாடத்தையும் கடைசிப் பாடத்தையும் கேட்டுப் பாருங்கள்; வேகம் எங்கே கூடுகிறது என்பது அங்கேதான் தெரியும். பெற்றோருக்கான குறிப்பு எவ்வளவு நீளம் என்பதையும் கவனிக்க வேண்டும். காலையில் அடுப்படி வேலையும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில், ஒவ்வொரு பாடத்துக்கும் முக்கால் மணி நேரம் முன்தயாரிப்பு கேட்கும் புத்தகம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் ஆடி மாதம் வரைகூட ஓடாது.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பல பயிற்சிப் புத்தகங்களில் பார்த்து எழுத வேண்டிய மாதிரி கோட்டின் இடப்பக்கம் இருக்கும். இடக்கையால் எழுதும்போது அந்தக் கையே மாதிரியை மறைத்துவிடும். மாதிரி கோட்டுக்கு மேலே அச்சிடப்பட்ட புத்தகமே அவர்களுக்கு வேண்டும். பீச்சாங்கை என்று சொல்லிக் கையை மாற்ற முயல்வது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. யார் சொன்னாலும் அதற்கு இணங்காதீர்கள்.

திருத்துவதில், ஒரு தாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் புள்ளி விடுபடுவது என்றால், மற்றவை அடுத்த வாரம். மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வைக்கும் புத்தகங்களை முற்றிலும் தவிர்க்க வேண்டும். பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதும் அந்த வரிக்காக, தன் தெருவில் நிற்கும் பசுவைப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளை இழந்துவிடக் கூடாது. தேர்வு பற்றிய பயம்தான் பலரை இந்தப் பக்கம் தள்ளுகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எழுதக்கூடிய, என்.ஐ.ஓ.எஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கே 14 வயது நிறைய வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டு ஆண்டுகள் இருக்கின்றன.

பணம் செலவழிக்கும் முன், தமிழ்நாட்டு அரசின் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிப் பார்க்கலாம். அவற்றோடு ஒரு இரண்டு கோடு நோட்டையும் வைத்து மூன்று வாரம் நடத்தினால், உங்கள் பிள்ளைக்கு எது போதாமல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் குறையை நிரப்பும் புத்தகத்தை மட்டும் வாங்கினால் போதும்.

ஏற்கெனவே பொருந்தாத தொகுப்பை வாங்கிவிட்டவர்கள், இன்னொன்றுக்கு உடனே பணம் கட்ட வேண்டாம். நான் வாங்கிய மூன்றில் ஒன்றை அப்படித்தான் மீட்டேன். எழுதச் சொல்லும் தலைப்புகளை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு, பார்த்து எழுதும் பகுதிகளையும் நல்ல கதைகளையும் மட்டும் வைத்துக்கொண்டேன்; அடித்த தலைப்புகளின் இடத்தில், அந்த வாரம் மகள் தானாகச் சொன்னதில் ஒன்றைத் தேதியோடு குறித்தேன். பனிப்பொம்மைப் பக்கத்தில் இப்போது பனங்கிழங்கு இருக்கிறது.