லேவியராகமத்தில் நின்றுபோகும் ஜனவரி

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் கேக்கும் காபியுமாக நிற்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு தீர்மானத்தோடு நிற்பார்கள்: இந்த வருஷம் வேதாகமத்தை முழுதாக வாசித்து முடித்துவிட வேண்டும். நானே ஏழெட்டு முறை அப்படி நின்றிருக்கிறேன். மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் டிசம்பரில் முடிந்துவிடும்.

ஆதியாகமம் 50 அதிகாரம் ஓட்டமாக ஓடும். யோசேப்பின் கதையைப் பாதியில் வைக்க யாருக்கு மனம் வரும்? யாத்திராகமம் 40. அதன் பிற்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளும் வெள்ளிப் பாதங்களும் வரும்போதே கொட்டாவி வரும். ஜனவரி கடைசி வாரம் பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம். கொழுப்பு, குண்டிக்காய், பலிபீடத்தின் சாம்பல். சரியாக அந்த வாரத்தில்தான் ஆம்பூரில் ஒரு கல்யாணம் வரும், அல்லது பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். நான்கு நாள் தவறினால் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி. ஐந்தாம் நாள் அட்டவணையைப் பார்த்ததும் அந்தப் பாக்கிதான் கண்ணில் படும். வேதாகமம் அலமாரிக்குப் போய்விடும்.

இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்து நம்மை நாமே திட்டிக்கொள்வோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகளிர் குழுக் கடனின் வாரத் தவணைபோல வாசிப்பை ஆக்கிவிட்டோம். கடன் கொடுத்தவர் வீடு இருக்கும் தெருவில் யாரும் விரும்பி நடப்பதில்லை. அதே யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் மன்னா என்ற வானத்து அப்பம் வருகிறது: அன்றன்றைக்கு வேண்டியதைச் சேர்த்தால் போதும், விடியுமட்டும் மீத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது. தவறிய நாள் தவறியதுதான். இன்றைய பகுதியை வாசியுங்கள். முதல்முறை தொடங்குகிறவருக்கு மாற்கு சுவிசேஷத்தைச் சொல்வேன். 16 அதிகாரம், அங்கே யாரும் உங்களைச் சாம்பலில் நிறுத்துவதில்லை.

என் அம்மா எந்த அட்டவணையும் வைத்துக்கொண்டதில்லை. காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவர். உட்கார இடம் கிடைத்தால் கைப்பையிலிருந்து வேதாகமம் வெளியே வரும். நாளுக்கு ஒரு சங்கீதம். அன்றைய பஸ் டிக்கெட்தான் பக்க அடையாளம். 150 சங்கீதமும் முடிய ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். பிறகு மறுபடி முதலாம் சங்கீதம். 119ஆம் சங்கீதம் 176 வசனம் என்பதால் எட்டெட்டு வசனமாக 22 நாளுக்குப் பிரித்துக்கொள்வார். நிற்க மட்டுமே இடம் கிடைத்த நாளில் வாசிக்க மாட்டார், அதற்காக வருத்தப்படவும் மாட்டார். அவருடைய வேதாகமத்தை இன்று திறந்தாலும் மெல்லிய டிக்கெட்டுகள் மடியில் உதிர்கின்றன. மை மங்கி, எந்த வருஷத்தவை என்று தெரியாதபடி வெளுத்திருக்கின்றன.

இன்னொரு தவறு, வசனத்தை அட்டையோடு நிறுத்திக்கொள்வது. புத்தாண்டில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, காலையில் ரோஜாப்பூ படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்து விழும் வசனம். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், இருக்கிறது. அதற்கு முந்தைய வசனமோ, எழுபது வருஷம் நிறைவேறிய பின்பு என்று சொல்கிறது. அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதும் அதே நிருபம்தான். நிருபம் முழுவதையும் வாசித்தவர் மார்ச் மாதத்துக்குள் வேலை கிடைக்கவில்லையே என்று தேவனோடு மனஸ்தாபம் கொள்ள மாட்டார்.

குடும்ப ஜெபத்துக்கு வருவோம். இரவு எட்டரை மணி. பாய் விரித்தாகிவிட்டது, அடுப்பில் குக்கர் இரண்டாவது விசில் விடுகிறது, கடைக்குட்டி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டது. அப்பா சொந்தக்காரர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டே வந்து, கடைசியில் குரலை உயர்த்துவார்: "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கணக்கில் நல்ல புத்தியைக் கொடும், போனை நோண்டும் ஆவியை எடுத்துப்போடும்." தேவனைப் பார்த்துப் பேசுவதுபோலப் பிள்ளையைத் திட்டுவது இது. கண்ணை மூடியிருக்கும் பிள்ளை பதில் சொல்லவும் முடியாது. வளர்ந்தபின் ஜெபம் என்றாலே உடம்பு கூசுகிற பலரை எனக்குத் தெரியும். அந்தக் கூச்சம் இந்தப் பாயில்தான் தொடங்கியது. திட்ட வேண்டுமானால் சாப்பிடும்போது திட்டிவிடுங்கள். ஜெபத்தை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். மிகுதியான வசனிப்பால் கேட்கப்படும் என்று நினைக்க வேண்டாம் என்பது மத்தேயு ஆறாம் அதிகாரத்திலேயே இருக்கிறது.

நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உபவாச ஜெபம் என்று மாத்திரையையும் சேர்த்து நிறுத்துகிறார்கள். மருத்துவமனைக்குப் பெயர்போன இந்த வேலூரில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மருத்துவரைக் கேளுங்கள்; முடியாதென்றால் டி.வி. தொடரை உபவாசத்தில் வையுங்கள்.

வேலூர்க்காரர்களுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. இந்த ஊர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர். மிஷனரியாக விருப்பமில்லாமல் அமெரிக்கா திரும்ப இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவு அவரை மாற்றியது. பிரசங்கத்தில் கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். கேட்கிற நாமும் நமக்கு அப்படி ஓர் இரவு வரட்டும் என்று காத்திருப்போம். அவர் மருத்துவப் பட்டம் பெற்றது 1899-இல். 1900-இல் வேலூரில் தொடங்கியது ஒற்றைக் கட்டில் வைத்த சிறு மருத்துவமனை. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல். அந்த ஓர் இரவுக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் சாதாரணக் காலைகள்!

அந்தச் சாதாரணக் காலைகளில் சில வறண்டுதான் இருக்கும். வாய் ஜெபிக்கும், மனம் மின்கட்டணத்தைக் கணக்கிடும். அப்போது விசுவாசம் போய்விட்டதென்று முடிவுகட்டுவது அவசரம். பாலாற்று மணலைத் தோண்டியவருக்குத் தெரியும்: நேற்றுத் தோண்டிய ஊற்று இன்று சரிந்திருக்கும், மறுபடி கையால் அள்ளித்தான் ஆக வேண்டும். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் சில வறட்சிக்குக் காரணம் நமக்கே தெரியும். என் அப்பாவும் பெரியப்பாவும் சாக்கடைத் தகராறு ஒன்றில் ஆறு வருஷம் பேசவில்லை. அந்த ஆறு வருஷமும் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் நீண்டுகொண்டே போனது. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முன்பு சகோதரனோடே ஒப்புரவாகு என்ற பகுதியை அப்பா எங்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார், நன்றாகவே. ஒரு சனிக்கிழமை மாலை யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்பாடிக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் திருவிருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார்கள். அன்றிரவு குடும்ப ஜெபம் குக்கரின் முதல் விசிலுக்கு முன்பே முடிந்துவிட்டது.