வன்னியிலிருந்து கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கிட்டடியில் உள்ள பேர்பெற்ற வெந்நீரூற்று திருகோணமலைக் கன்னியாதான். மகா ஓயாவுக்கோ அம்பாந்தோட்டைப் பக்கத்து மதுனாகலவுக்கோ போவதென்றால் அது தனிப் பயணம்.

ஒன்றை முதலே தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானிலும் ஹங்கேரியிலும் போலக் கழுத்தளவு வெந்நீரில் அமிழ்ந்து கிடக்கிற இடம் இல்லை இது. பக்கம் பக்கமாக ஏழு சதுரக் கிணறுகள். உள்ளே இறங்குவதில்லை, வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்க வேண்டும். கிணற்றடியில் குளித்து வளர்ந்த நமக்கு இது நன்றாகவே பிடிக்கும்.

1. நாளைத் தெரிவு செய்யுங்கள்

மழை விட்ட தை மாதக் காலை என்றால் அருமை. சித்திரை வெயிலில் நண்பகலில் போய் வெந்நீர் ஊற்றினால் களைப்புத்தான் மிஞ்சும். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, ஆடி அமாவாசை நாட்களில் கூட்டம் இருக்கும். கிழமை நாளில் போங்கள்.

2. வழி

கிளிநொச்சிக்காரர் ஏ9 வீதியாலும் முல்லைத்தீவுக்காரர் மாங்குளம் வழியாகவும் வவுனியாவுக்கு வரலாம். அங்கிருந்து ஏ29 வீதியில் ஹொரவப்பொத்தானை, பிறகு ஏ12 வீதியில் கிழக்கே. திருகோணமலை நகருக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் முன்பே கன்னியா வந்துவிடும். பஸ்ஸில் போனால் ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள்.

3. பையில் வைக்க வேண்டியவை

சாரம், துவாய், மாற்றுடுப்பு, குடிதண்ணீர், அனுமதிச்சீட்டுக்குச் சில்லறை. பெண்களுக்குக் கடும் நிறத்தில் நீளமான பருத்தி உடுப்பு வசதி. சவர்க்காரமும் ஷாம்புவும் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்தவர் குளிக்க நிற்கிற இடத்தில் நுரை ஓடக் கூடாது.

4. குளிக்கும் முறை

வந்ததும் வாளியைத் தூக்காதீர்கள். ஏழு கிணற்றையும் சுற்றி வந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் அள்ளிக் கையில் ஊற்றிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள்தான், ஆனாலும் சூடு ஒன்றுக்கொன்று மாறும். கிணறுகள் ஆழமில்லை, மூன்று நாலு அடிதான். சூடு 40 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும்.

ஆகக் குறைந்த சூட்டில் தொடங்குங்கள். முதல் வாளி பாதத்துக்கு, அப்புறம் முழங்கால், முதுகு, தோள். தலைக்குக் கடைசியில்தான். இரண்டு மூன்று வாளிக்கு ஒருதரம் நின்று மூச்சு விட்டு, பிறகு அடுத்த கிணற்றுக்குப் போங்கள். அவசரப்பட்டால் ஏழும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆறுதலாகப் போனால் நாலாவது ஐந்தாவது கிணற்றடியில் தோள் தசை இளகுவது தெரியும்.

இலங்கையில் எரிமலை இல்லையே, பிறகு எப்படிச் சூடு என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழைநீர் பாறை வெடிப்புகளால் வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போகப் பூமி சூடு, ஒரு கிலோமீட்டருக்கு 25, 30 பாகை அளவில் கூடும். அப்படிச் சூடான நீர் வேறு வெடிப்பால் மேலே வருகிறது.

இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். தலை சுற்றினால் உடனே நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

5. பக்கத்தில் இருப்பவர்களைப் பாருங்கள்

இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தில் குத்தி இந்த ஊற்றுகளை எழுப்பினான் என்பது ஐதீகம். அதனால் இறந்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவும் குடும்பங்கள் இங்கே வருகின்றன. அப்படி யாரையும் கண்டால் ஒதுங்கி வழிவிடுங்கள், சத்தம் போடாதீர்கள், போனை எடுக்காதீர்கள். இழவு காணாத வீடு வன்னியில் இல்லை, அந்த மனம் நமக்குத் தெரியும்.

6. குளித்த பிறகு

தலையை நன்றாகத் துவட்டி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். நேரமிருந்தால் திருகோணமலை நகரில் குன்றின் மேல் இருக்கிற கோணேஸ்வரம் கோயிலுக்கும் போகலாம். வயதானவர்கள் கூட வந்தால் கோயிலை முதலில் முடித்து, ஏறி இறங்கிய கால் வலிக்குக் கன்னியாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பும் வழியும் அதுதான்.