ஹால் ஆஃப் ஃபேம் வாதம்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பரில் வேட்பாளர் பட்டியல் வெளியானால், ஜனவரியில் முடிவு வரும்வரை எங்கள் நண்பர்கள் குழுவில் வேறு பேச்சே கிடையாது. ஓய்வு பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர்களில் யாருக்கு அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் வெண்கலப் பட்டயம் வைக்கலாம், யாருக்குக் கூடாது என்று பேசிக்கொண்டே இருப்போம். நாங்களே ஒரு மாதிரி ஓட்டெடுப்பும் நடத்துவோம். ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகச் சிலர் வந்து சேர்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்காகப் பேச வந்து, அவருடைய தரப்பையே பலவீனமாக்கிவிட்டுப் போகிறார்கள். எண்ணைத் தப்பாகச் சொல்வது, ஆண்டை மாற்றிச் சொல்வது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை தானாகச் சரியாகிவிடும்.

விதி தெரியாமல் இறங்குவது

10 சீசன் ஆடியிருக்க வேண்டும், ஓய்வு பெற்று 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், பேஸ்பால் எழுத்தாளர்கள் போடும் ஓட்டில் 75 சதவீதம் வேண்டும், ஒரு ஓட்டுச் சீட்டில் 10 பெயருக்கு மேல் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

“அவரே உள்ளே இருக்கிறாரே!”

எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் தரும் தவறு இதுதான். இத்தனை காலம் ஆகியும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு குளிர்காலத்தில், குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் லூ விட்டேக்கருக்காகப் பேசப்போவதாகச் சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். டிட்ராய்ட் டைகர்ஸ் அணியில் இரண்டாம் பேஸைக் காத்த ஆட்டக்காரர் விட்டேக்கர். 1977 முதல் 1995 வரை ஒரே அணியில் ஆடினார். 2,369 ஹிட் (அடித்துவிட்டுப் பேஸை எட்டியவை), 244 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலியைத் தாண்டிய அடிகள்), சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருது 3 முறை. அப்படிப்பட்டவருக்கு 2001-இல் முதல் முறை பட்டியலில் வந்தபோது கிடைத்தது வெறும் 2.9 சதவீதம். 5 சதவீதத்துக்குக் கீழே போனதால் எழுத்தாளர்களின் பட்டியலிலிருந்து அன்றைக்கே நீங்கிவிட்டார். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் காக்கும் ஷார்ட்ஸ்டாப்பாக அவர் பக்கத்தில் நின்று பல ஆண்டு ஆடிய ஆலன் டிராமெல் 2018-இல் உள்ளே போய்விட்டார். விட்டேக்கர் இன்னும் வெளியே நிற்கிறார்.

தம்பி ஆரம்பித்த முதல் வாக்கியமே இது: “ஹேரல்ட் பெயின்ஸே உள்ளே இருக்கும்போது விட்டேக்கர் எப்படி இல்லாமல் போனார்?”

அவ்வளவுதான். அப்புறம் அன்று மாலை முழுக்கப் பெயின்ஸைப் பற்றித்தான் பேச்சு. எழுத்தாளர்கள் ஓட்டில் அவர் 6.1 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை என்றார் ஒருவர். எழுத்தாளர்கள் ஓட்டில் தேறாதவர்களைத் திரும்பப் பார்க்கும் 16 பேர் கொண்ட குழுவில் சரியாக 12 ஓட்டு வாங்கி 2019-இல் நுழைந்தார், அந்தக் குழுவில் அவருடைய பழைய மேனேஜர் டோனி லா ரூசாவும் அவர் ஆடிய ஒயிட் சாக்ஸ் அணியின் உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃபும் இருந்தார்கள் என்றார் இன்னொருவர். எங்கள் குழுவில் இருக்கும் ஒயிட் சாக்ஸ் ரசிகருக்கு மனசு நொந்துவிட்டது. 22 சீசன் ஆடி 2,866 ஹிட் அடித்த மனிதரை ஏன் இப்படிக் கேவலமாகப் பேசுகிறீர்கள் என்று சண்டைக்கு வந்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. விட்டேக்கரின் பெயரை யாரும் திரும்ப எடுக்கவே இல்லை. எங்கள் ஓட்டெடுப்பில் அவர் தோற்றார்.

இந்த வாதத்தில் இருக்கும் கேடு அதுதான். யாருக்காகப் பேசுகிறோமோ, அவருடைய தகுதி ஒன்றுகூட அதில் வெளியே வராது. உள்ளே இருப்பவர்களில் ஆகக் கடைசி ஆளைத் தேடிப் பிடித்து, அவர் பக்கத்தில் நம்முடைய ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். கேட்கிறவருக்கு இருவரும் ஒரே தரத்தில்தான் தெரிவார்கள்.

இதே வழக்கம் அந்த மண்டபத்தின் கதவையே தளர்த்தியும் இருக்கிறது. 1967 முதல் 1973-இல் இறக்கும்வரை ஃப்ராங்கி ஃப்ரிஷ், முன்னாள் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் குழுவில் இருந்தார். அந்தக் காலத்தில் ஜெஸ்ஸி ஹெய்ன்ஸ், சிக் ஹேஃபி, டேவ் பான்கிராஃப்ட், ராஸ் யங்ஸ், ஜார்ஜ் கெல்லி என்று அவரோடு ஒரே அணியில் ஆடியவர்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். கெல்லி முதல் பேஸ் ஆட்டக்காரர். மொத்தம் 1,778 ஹிட், 148 ஹோம் ரன். அவரை அளவுகோலாக வைத்தால், அவருக்குப் பின் வந்த முதல் பேஸ் ஆட்டக்காரர்களில் எத்தனையோ பேருக்குப் பட்டயம் வைக்க வேண்டியிருக்கும். ஒரு தவறான தேர்வைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மற்றொன்று என்று போனால் எங்கே நிறுத்துவது?

சரி, விட்டேக்கருக்காக எப்படிப் பேசியிருக்க வேண்டும்? நடுவில் இருப்பவர்களோடு ஒப்பிட வேண்டும். சாதாரண மாற்று ஆள் ஒருவர் ஆடியிருந்தால் வந்திருக்கும் வெற்றிகளைவிட இவரால் கூடுதலாக எத்தனை வந்தன என்று மதிப்பிடும் ‘வார்’ கணக்கு ஒன்று உண்டு. அதில் விட்டேக்கருக்கு ஏறத்தாழ 75. ரைன் சாண்ட்பெர்க், ராபெர்டோ அலோமார், கிரெய்க் பிஜியோ மூவரும் அதே இரண்டாம் பேஸில் ஆடி உள்ளே போனவர்கள். மூவருமே இந்தக் கணக்கில் அவருக்குக் கீழே இருக்கிறார்கள். எதிர்த் தரப்பு சொல்வதையும் நாமே எடுத்து வைத்துவிடலாம்: அவருடைய சிறந்த 7 சீசன்களை மட்டும் கூட்டினால், உள்ளே இருக்கும் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர்களின் சராசரியை அவர் எட்டவில்லை. உச்சம் பெரிதா, இத்தனை காலம் தளராமல் ஆடியது பெரிதா? அதுதான் உண்மையான விவாதம். அந்தத் தம்பியோடு அன்று நான் பேச ஆசைப்பட்டது அதைத்தான்.

பிட்சரை வெற்றி எண்ணிக்கையால் மட்டும் அளப்பது

பந்து வீசுபவரான பிட்சருக்கு 300 வெற்றி என்பது பழைய வாக்காளர்களுக்கு ஒரு மந்திர எண். பெர்ட் பிளைலெவன் 287-இல் நின்றார். அடிப்பவரைத் தன் வீச்சாலேயே வெளியேற்றிய 3,701 ஸ்ட்ரைக்அவுட்டும், எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தராமல் முழுதாக வீசி முடித்த 60 ஆட்டங்களும் கையில் இருந்தும், 1998-இல் அவருக்கு 17.5 சதவீதம்தான். 2011 வரை காத்திருந்தார். ஒரு பிட்சருக்கு வெற்றி கிடைக்க அவருடைய அணி ரன் எடுக்க வேண்டும். அது அவர் கையில் இல்லை. 2010-இல் 13 வெற்றி, 12 தோல்வி கண்ட ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கும் 2018-இல் 10 வெற்றி, 9 தோல்வி கண்ட ஜேகப் டிகிராமுக்கும் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கொடுத்தபோதே எழுத்தாளர்கள் இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். புதிதாக வருபவர்கள் இன்னும் அந்தப் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு செய்வது

சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1991-இன் 7-ஆவது ஆட்டத்தில் பிட்சர் ஜாக் மோரிஸ் ரன் எதுவும் தராமல் 10 இன்னிங்ஸ் வீசியது அற்புதம். ஆனால் அது ஒரு ராத்திரி, அவருடைய மொத்த ஆட்டம் அல்ல.

மைதானத்தைக் காட்டி ஆளைத் தள்ளுவது

டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்று லேசு, அடித்த பந்து தூரம் போகும். அதனால் அங்கே சொந்த மைதானம் வைத்திருக்கும் கொலராடோ ராக்கீஸ் ஆட்டக்காரர் யாராக இருந்தாலும் “எல்லாம் அந்த மைதானத்தின் தயவு” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். லாரி வாக்கர் இதனால்தான் அத்தனை காலம் அல்லாடினார். 2011-இல் 20.3 சதவீதம், கடைசி வாய்ப்பான 2020-இல் 76.6 சதவீதம். மைதானத்துக்கு ஏற்பக் கழித்துக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வெளியூர் ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். 1997-இல் வாக்கர் அடித்த 49 ஹோம் ரன்களில் 29 வெளியூரில் வந்தவை.

ஊக்கமருந்து: ஆளுக்கொரு நியாயம்

விதியை முதலில் முடிவு செய்யுங்கள், பெயரை அப்புறம் பாருங்கள். ஊக்கமருந்துச் சந்தேகத்துக்கு ஆளான பேரி பாண்ட்ஸுக்கு ஒரு நியாயம், நமக்குப் பிடித்தவருக்கு வேறொரு நியாயம் என்று பேசினால் உங்கள் மற்ற வாதங்களையும் யாரும் மதிக்கமாட்டார்கள்.

“அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்”

முதல் முறையிலேயே தேர்வாகும் பெருமை இவருக்கு வேண்டாம், ஓராண்டு காத்திருக்கட்டும் என்று சிலர் பெருந்தன்மையாகச் சொல்கிறார்கள். 5 சதவீத விதி அப்படிக் காத்திருக்க விடாது. பந்து வீசப்படும்போதே ஓடி அடுத்த பேஸை எட்டுவதைப் பேஸ் திருடுவது என்பார்கள்; அப்படி 622 பேஸ் திருடிய கென்னி லாஃப்டன் 2013-இல் 3.2 சதவீதத்தோடு வெளியேறினார். பாண்ட்ஸ், ரோஜர் கிளெமென்ஸ், மைக் பியாசா, பிஜியோ எல்லோரும் அதே ஆண்டு முதல் முறையாகப் பட்டியலில் வந்திருந்தார்கள். 10 பெயருக்குள் லாஃப்டனுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டு சை யங் வாங்கிய ஜோஹான் சான்டானாவுக்கு 2018-இல் 2.4 சதவீதம். இவர்களைப் பற்றி எழுத்தாளர்கள் இரண்டாவது முறை யோசிக்க வாய்ப்பே வரவில்லை.

அதனால் இப்போதெல்லாம் பட்டியல் கைக்கு வந்ததும், நிச்சயம் ஜெயிக்கப்போகிறவர்களை நாங்கள் ஓரமாக வைத்துவிடுகிறோம். 5 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடியவர்கள் யார் யார் என்று பார்த்து, முதல் வாரம் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.