கூதிர் காலத்தில் ஜப்பானியச் சிற்றூர்கள்: மதுரையிலிருந்து நண்பர்களோடு செல்வோருக்கு

ஐப்பசி அடைமழையில் நம் மாசி வீதிகள் நனைந்து கிடக்கும் வாரங்களில்தான் நடு ஜப்பானின் மலைகளில் மேப்பிள் இலைகள் சிவக்கின்றன. நம் முன்னோர் கூதிர் என்று பெயரிட்ட ஐப்பசி, கார்த்திகை மாதங்களும், இலை நிறம் மாறுவதை ஜப்பானியர் 'கோயோ' என்று கொண்டாடும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. மதுரையிலிருந்து ஐந்து நண்பர்களாகச் சென்று வந்த அனுபவத்தில், அடுத்துச் செல்ல விரும்புவோருக்கு எது எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாளைக் குறிக்க வேண்டும். செப்டம்பர் நடுவில் வடக்கே ஹொக்கைடோவின் மலையுச்சிகளில் தொடங்கும் நிறமாற்றம், குளிர் இறங்க இறங்கத் தெற்கு நோக்கியும் மலையிலிருந்து சமவெளி நோக்கியும் நகர்ந்து, நவம்பர் இறுதியில் கியோட்டோவை அடைகிறது. தகயாமா, ஷிராகவாகோ போன்ற மலையூர்களுக்கு அக்டோபர் கடைசி வாரமும் நவம்பர் முதல் வாரமும், கிஸோ பள்ளத்தாக்குக்கும் கோயில் மலையான கோயாசானுக்கும் நவம்பர் முதல் பாதியும் பொருத்தமானவை. நம் பக்கத்துக் கணக்கும் இதில் உண்டு: தீபாவளிக்கு வீட்டில் இல்லாமல் இருக்க முடியாது, கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறவர்கள் அதற்குள் திரும்பியாக வேண்டும். 2027-இல் தீபாவளி அக்டோபர் இறுதியிலேயே வருவதால் அந்த ஆண்டு எல்லாம் கூடிவருகிறது. 2026-இல் நவம்பர் 8 என்பதால், அதற்குப் பின் கிளம்புவோர் ஷிராகவாகோவை விட்டுவிட்டுக் கிஸோவிலும் கோயாசானிலும் கூடுதல் நாள் தங்குவது நல்லது. நவம்பர் 3 ஜப்பானில் பண்பாட்டு நாள் விடுமுறை. அன்று சிற்றூர்களில் கூட்டம் நெரியும்.

வழியை வளைத்து வளைத்துப் போடாமல், ஒரே திசையில் போகும்படி அமையுங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை சென்று, சிங்கப்பூர் வழியாக நகோயாவில் இறங்கினோம். அங்கிருந்து ஹிதா விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் தகயாமா. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பேருந்துப் பயணத்தில் ஷிராகவாகோ. மீண்டும் பேருந்தில் நகோயா. பின் நகட்சுகாவா வழியாகக் கிஸோ. முடிவில் ஒசாகா வழியாகக் கோயாசான் சென்று, கன்சாய் விமான நிலையத்தில் விமானம் ஏறினோம். நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. பேருந்தும் சிறு ரயிலும் கலந்த இந்த வழிக்கு அது தேவையே இல்லை.

எத்தனை ஊர் என்பதைவிட எத்தனை இரவு என்பதே இந்தப் பயணத்தில் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1995-இல் உலக மரபுச் சின்னமான ஷிராகவாகோவில் பகல் முழுதும் சுற்றுலாப் பேருந்துகள் வந்து போய்க்கொண்டிருக்கும். மாலையில் அவை திரும்பியபின், கை கூப்பியது போல் செங்குத்தாகச் சாய்ந்த கூரைகளின் அடியில் விளக்குகள் எரியத் தொடங்கும்போதுதான், அது மக்கள் வாழும் ஊர் என்பது தெரிகிறது. 'கஷ்ஷோ' என்ற அந்தக் கட்டட முறையின் பெயருக்கே கைகூப்புதல் என்றுதான் பொருள். பனி தங்காமல் வழிவதற்காக அமைந்த கூரையின் உட்புறம், ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்த பரண். கூரை மாற்றும் நாளில் ஊரே கூடி வேலை செய்யும் பழக்கத்தை அவர்கள் 'யுய்' என்கிறார்கள். புல் வேய்ந்த கூரை என்பதால் நெருப்பைக் குறித்த அச்சம் அங்கே மிகுதி. குறிக்கப்பட்ட இடம் தவிர வேறெங்கும் புகைபிடிக்கக் கூடாது. நம் வீட்டு வாசல் கோலத்தை மிதித்துக்கொண்டு ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை நினைவில் வைத்து நடந்துகொண்டால் போதும்.

இவ்வூர்களில் 'மின்ஷுகு' எனப்படும் வீட்டுத் தங்கல்கள் சிலவே இருப்பதால், மாதக் கணக்கில் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, தலைக்கு இவ்வளவு என்பதாகவும், இரவு உணவும் காலை உணவும் சேர்ந்ததாகவும் இருக்கும். ஆகவே கடைசி நேரத்தில் ஒருவர் பின்வாங்கினால் மற்றவர்களுக்கும் சங்கடம். தங்குமிடம் உறுதியான பிறகே விசாவுக்கு விண்ணப்பியுங்கள், ஏனெனில் நாள்வாரியான பயணத் திட்டத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்பார்கள். ஒருமுறை நுழைவு விசாவை, வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதால், ஆடியிலேயே அவசரப்பட்டு வாங்கிவிடக் கூடாது. மின்விசா பெற்றவர்கள் விமான நிலையத்தில் அதை இணைய இணைப்போடு கைப்பேசித் திரையில் காட்ட வேண்டும். அச்சிட்ட தாளை ஏற்பதில்லை.

கிஸோ பள்ளத்தாக்கில், எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த பழைய நகசெண்டோ பெருவழியின் ஒரு துண்டில் இன்றும் நடக்கலாம். மகோமேயிலிருந்து ட்சுமகோ வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டர். நின்று நின்று பார்த்தபடி மூன்று மணி நேரம் ஆகும். மகோமே உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து தொடங்குவதே முழங்காலுக்கு எளிது. வழியில் ஆங்காங்கே கம்பத்தில் ஒரு வெண்கல மணி தொங்கும். கரடி அண்டாமல் இருக்க, கடந்து செல்பவர்கள் ஒவ்வொருவரும் அதை அடித்துவிட்டுப் போக வேண்டும். மரத்தடியில் நிற்கும்போது காற்றடித்தால், ஐந்து விரல் விரித்த குழந்தைக் கை போன்ற சிவந்த இலைகள் தோளில் வந்து விழும். நடுவழியில் ஒரு பழைய தேநீர் வீட்டில் அடுப்புப் புகை மணக்கும் கூரையின் கீழ் தேநீர் தருகிறார்கள். உண்டியலில் மனமுவந்து போட்டுவிட்டு வாருங்கள். 'விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை' என்று 1971-இலேயே ஊரார் கூடி முடிவெடுத்துக் காத்த ஊர் ட்சுமகோ. அதன் முதன்மைத் தெருவில் பகலில் வண்டிகள் ஓடுவதில்லை.

இந்த நடையில்தான் நாங்கள் ஒரு பிழை செய்தோம். நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே இருட்டும். மதுரையில் ஆறு மணி வரை வெளிச்சம் பார்த்துப் பழகிய நாங்கள் பிற்பகல் இரண்டரைக்குக் கிளம்பி, கடைசி ஒரு மணி நேரத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் நடந்தோம். விடுதியில் ஆறு மணிக்குப் பரிமாற வேண்டிய சாப்பாட்டை வைத்துக்கொண்டு, அந்த வீட்டு மூதாட்டி தெருமுனை வரை வந்து நின்றிருந்தார். அவரைக் காக்க வைத்தது இன்றும் மனத்தை உறுத்துகிறது. காலை பத்து மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேருங்கள்.

உணவைப் பற்றி நண்பர்களுக்குள் முன்பே பேசிவிட வேண்டும். அசைவம் உண்பவர்களுக்குக் கவலை இல்லை. சைவ நண்பர் உடன் வந்தால், சிக்கல் இறைச்சியில் இல்லை, சாற்றில் இருக்கிறது. ஜப்பானியச் சமையலின் அடிப்படையான 'தஷி' என்ற சாறு, பெரும்பாலும் காய வைத்துச் சீவிய சூரை மீனிலிருந்து எடுக்கப்படுவது. நம் தூத்துக்குடிப் பக்கத்து மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவு. காய்கறிக் குழம்பிலும் சூப்பிலும் அது கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். எனவே 'இறைச்சி, மீன், மீன்சாறு எதுவும் வேண்டாம்' என்று ஜப்பானிய எழுத்தில் எழுதிய அட்டையைக் கையில் வைத்திருப்பதோடு, பதிவு செய்யும்போதே விடுதிக்குத் தெரிவிக்க வேண்டும். வந்து இறங்கியபின் சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது. எங்கள் நண்பரின் அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியும், அங்கே கிடைத்த, உப்பு மட்டும் சேர்த்த சோற்று உருண்டையும் பல மதியங்களைக் காப்பாற்றின. பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி சேர்ந்த எதையும் கொண்டு போகாதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். நகட்சுகாவாவில் இந்தப் பருவத்துக்கே உரிய கஷ்கொட்டை இனிப்பான 'குரி கின்டோன்' கிடைக்கும்; தவறவிடக் கூடாது.

பணத்துக்குப் பொதுப் பை ஒன்று வைத்து, ஒருவரே கணக்குப் பாருங்கள். ஊர்ப்புறத்தில் கார்டு செல்லாத கடைகள் பல; நம் கார்டுக்குப் பணம் தரும் ஏடிஎம் செவன் லெவன் கடைகளிலும் அஞ்சலகங்களிலும் உண்டு. ஊர்ப் பேருந்துகள் பலவற்றில் பின் கதவில் ஏறியதும் எண் அச்சிட்ட சீட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது ஓட்டுநருக்கு மேலுள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே காட்டும் தொகையைச் சில்லறையாகப் பெட்டியில் போட வேண்டும். ஐந்து பேரும் இறங்கும் இடத்தில் பை துழாவினால் பேருந்தே தாமதமாகும். நிறுத்தம் வருமுன் எண்ணி வைத்திருங்கள்.

குளிருக்கு ஒரே பெரிய கோட்டைவிட, உள்ளே ஒட்டும் வெப்ப உடை, நடுவே கம்பளி, மேலே காற்றுத் தடுக்கும் சட்டை என்று அடுக்கடுக்காக அணிவது உதவும். தகயாமாவில் நவம்பர் இரவுகள் உறைநிலையை நெருங்கும். கொடைக்கானல் மார்கழியை மனத்தில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. பொதுக் குளியல் தொட்டி சோப்புப் போடும் இடமன்று. வெளியே அமர்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, பிறகே வெந்நீரில் இறங்க வேண்டும்.

கோயாசானைக் கடைசியில் வையுங்கள். 816-இல் கூகாய் என்ற துறவிக்கு வழங்கப்பட்ட அந்த மலையில், கோயில்களே விடுதிகளாகவும் இருக்கின்றன. வெங்காயம், பூண்டுகூடச் சேராத 'ஷோஜின்' உணவு கிடைப்பதால், சைவ நண்பர் அங்கேதான் முதன்முதலாக அச்சமின்றி உண்டார். ஓகுனோயின் கல்லறைக் காட்டில், வானுயர்ந்த சீடார் மரங்களுக்கிடையே இரண்டு கிலோமீட்டர் நடக்கையில், பாசி படிந்த ஐந்தடுக்குக் கற்களில் செதுக்கிய, 'சித்தம்' என்ற பழைய இந்திய எழுத்துகளைக் கவனியுங்கள். அவை பிராமியிலிருந்து பிறந்தவை. நம் மாங்குளம் குகைத்தளத்துக் கல்வெட்டின் தமிழ்ப் பிராமி அவற்றுக்கு உறவுமுறை. விரலால் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டு நடந்தால், கோபியோ பாலம் வரும். அதற்கு அப்பால் புகைப்படம் எடுக்கவோ தின்னவோ கூடாது. தொப்பியைக் கழற்றி, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுப் பாலத்தைக் கடக்க வேண்டும்.