இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பின் வேலைக்குத் திரும்ப

முதல் இரண்டு வாரம் அரை நாள் வேலை கேளுங்கள். மருத்துவச் சான்றில் 'இலகுவான வேலை' என்று மட்டும் இருந்தால் மேற்பார்வையாளர் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொள்வார். எத்தனை கிலோ தூக்கலாம் என்று எண்ணாகவே எழுதி வாங்குங்கள். நெஞ்செலும்பைப் பிளந்து அறுவை செய்தவர்களுக்கு எலும்பு ஒன்றுசேர 12 வாரம் வரை ஆகும். அதுவரை அரிசி மூட்டை பக்கமே போகவேண்டாம்.

மொரீஷியஸில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் கடுமை. தோட்ட வேலை, கட்டட வேலை என்றால் பாரமானதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு உழைத்தாலும் நாடி அவ்வளவாக ஏறாது, அதை நம்பி வேகம் கூட்டக்கூடாது. பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் நிறுத்துங்கள்.

நெஞ்சு இறுகினால் உட்கார்ந்து, மருத்துவர் கொடுத்த ஸ்ப்ரேயை நாக்கின் அடியில் அடியுங்கள். நின்றபடி அடித்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. 5 நிமிடத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 114-ஐ அழையுங்கள்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. தால் பூரியைவிட அதோடு வரும் அச்சாரில் (ஊறுகாயில்) தான் உப்பு அதிகம். தைப்பூச விரதத்தில் மாத்திரையை விடாதீர்கள். காவடி எடுப்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.